நீல மேசைக்குள் மாட்டிய படிவம்

நெல்லித்தோப்பில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் பிரான்சுக்குக் கிளம்பும்போது விற்ற பழைய மேசையை வாங்கினேன். உப்புத்தாளால் தேய்த்து, இழுப்பறையின் உள்பக்கம்கூட விடாமல் வெளிர்நீல எனாமல் அடித்தேன். மறுநாள் மாலை தொட்டுப் பார்த்தேன், விரலில் ஒட்டவில்லை. அந்தத் திருப்தியில் வீட்டுக் காகிதங்களை உள்ளே வைத்து மூடிவிட்டேன். ஐப்பசி ஈரத்தில் அடிப்பூச்சு காய்ந்திருக்காது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

காலையில் இழுப்பறை அசையவில்லை. என் மாமனார் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். அவர் உயிரோடு இருப்பதாக வருடாவருடம் அதிகாரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினால்தான் பென்ஷன் வரும். அந்தப் படிவம் உள்ளே! அன்றுதான் கடைசி நாள். பன்னிரண்டு மணிக்கு அலுவலகம் மூடிவிடும்.

மாமா தொப்பியை மாட்டிக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். நான் இழுத்த இழுப்பில் குமிழ் கையோடு வந்துவிட்டது.

"ஏம்மா, நான் உயிரோட இருக்கற பேப்பர உள்ள வச்சுப் பூசிட்டியே!"

"கொஞ்சம் இருங்க மாமா, எடுத்துடறேன்."

காய்கறிக் கத்தியை இடுக்கில் விட்டுச் சுற்றிலும் கீறினேன். இழுப்பறை திறந்தபோது மணி பதினொன்றரை. படிவத்தின் ஒரு மூலை நீலமாகியிருந்தது, எழுத்து தப்பித்தது. ஆட்டோ பிடித்து ஓடினோம். அதிகாரி மூலையைத் தடவி, "இது என்னங்க?" என்றார்.

"பெயின்ட்டு சார். ஆளு நல்லாத்தான் இருக்கேன்" என்றார் மாமா. அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இப்போதெல்லாம் இழுப்பறையைத் தனியே கழற்றி, ஒரு வாரம் காற்றாட வைக்கிறேன். ஆனாலும் நான் பிரஷ்ஷைக் கையில் எடுத்தாலே, மாமா படிவம் பத்திரமாக இருக்கிறதா என்று தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறார்.