குழாயில் உறைந்த மெழுகு

கலஹாவில் இருக்கும் வீட்டுக்குப் போக ஐந்து மணி பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு பஸ் கிடையாது. பேராதனையில் நான் வேலை செய்த ஆய்வுகூடத்தில் அந்த அவசரத்தில்தான் தப்புச் செய்தேன்.

பகல் வெயிலில் உருகிச் சூட்டைச் சேர்த்து வைத்து, பொழுது சாய்ந்ததும் உறைந்துகொண்டே அதைத் திருப்பித் தரும் மெழுகுகளை அங்கே ஆராய்ந்தார்கள். உருகிய மெழுகின் பாகுத்தன்மையை அளப்பது என் வேலை. வெந்நீர்த் தொட்டிக்குள் நிற்கும் மெல்லிய கண்ணாடிக் குழாயில், ஒரு கோட்டிலிருந்து மறு கோட்டுக்கு மெழுகு இறங்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். தொட்டியின் சூடு சற்று அசைந்தாலும் அளவு பிழைத்துவிடும். அந்த அளவுகளைப் பார்த்துத்தான் என் தற்காலிக வேலையை நிரந்தரமாக்குவதாக இருந்தார்கள்.

அன்று குழாயிலிருந்து மெழுகைக் கொட்டாமலே தொட்டியின் மின்சாரத்தை அணைத்துவிட்டு ஓடினேன். காலையில் வந்தால் மெழுகு கல்லாக இறுகிக் கிடந்தது. மேலிருந்து மெதுவாக உருக்கியிருக்க வேண்டும். பதறாத காரியம் சிதறாது என்பார்கள். நான் பதறினேன், அடியில் சூடு காட்டினேன். கீழே உருகியது விரிய இடமில்லாமல் குழாய் 'டிக்' என்று வெடித்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

மூன்று வாரம் கொழும்பில் இருந்துவிட்டு அன்றுதான் ஆய்வுகூடத்தின் தலைவியான மேடம் திரும்பி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். குரலை உயர்த்தவே மாட்டார். அதனாலேயே அவரைக் கண்டால் எனக்குப் பயம்.

"நேத்து கரண்டு போயிருச்சுங்க மேடம். மெழுகு உறைஞ்சு, குழாய் வெடிச்சிருச்சு," என்றேன். மின்வெட்டு மலிந்த காலம், சந்தேகப்பட மாட்டார்.

"குழாய் வெடிக்கிறது புதுசே? அலுமாரிக்குள்ள இன்னும் ரெண்டு கிடக்கு, எடும்," என்றார்.

இவ்வளவுதானா! இதற்கா பொய் சொன்னேன்?

"எத்தினை நாளா இப்பிடிக் கரண்ட் போகுது, பிள்ளை?"

"நீங்க போனதிலருந்தே அடிக்கடி போகுதுங்க." அளக்கும் நேரத்தில் ஒரு தடவைகூடப் போனதில்லை; பொய்க்கு முட்டுக் கொடுத்தேனாம்.

அவர் யோசித்தார். "அப்ப தொட்டிச் சூடு ஒரு நிலையில நிண்டிருக்காது. மூண்டு கிழமை அளந்ததையும் நம்பேலாது. எல்லாத்தையும் வெட்டி விடும்."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. பொய்க்காரி என்று தெரிந்தால் அந்த நிமிஷமே அனுப்பிவிடுவாரே என்ற பயம் அதை விழுங்கிவிட்டது.

அளவுகளை எழுதி வைத்த கொப்பியைத் திறந்து, அவர் பார்த்திருக்க, பக்கம் பக்கமாகச் சிவப்புப் பேனையால் வெட்டினேன். அதில் ஓர் அளவுகூடப் பிழையில்லை.