தண்டு வண்டியும் என் மனைவியின் நெற்றியும்

நான் வண்டி ஓட்டிச் செல்லும்போது என் மனைவி பின்னாலிருந்து என் தலையில் குட்டுவார் என்றொரு செய்தி, நான் தமிழ் கற்பித்த பெங்களூர்க் கல்லூரியில் பல்லாண்டுகள் உலவியது. நான் ஓய்வு பெற்ற பின்னரும் அது ஓய்வு பெறவில்லை. அண்மையில் ஒரு பாராட்டு விழாவில் நண்பர் ஒருவர் அதை மேடையிலேயே எடுத்துரைத்துக் கைதட்டலும் வாங்கிக்கொண்டார். ஆகவே, நடந்ததை எழுதிவைப்பது கடமையாயிற்று. அவர் குட்டவில்லை. அவருடைய நெற்றி என் தலைக்கவசத்தில் முட்டியது. குற்றம் என்னுடையது.

தொண்ணூறுகளின் நடுவில், தாயகம் திரும்பிய செருமானியப் பொறியாளர் ஒருவரிடம் அந்த உந்துருளியை (மோட்டார் சைக்கிளை) வாங்கினேன். அதன் பின்சக்கரத்தைச் சுழற்றச் சங்கிலி கிடையாது. ஓர் உருக்குத் தண்டு அவ்வேலையைச் செய்தது. எண்ணெயிட வேண்டாம், இறுக்க வேண்டாம், வேட்டியில் கறை படியாது என்பதில் மயங்கினேன். சங்கிலிக்குச் சற்றே தொய்வு உண்டு. ஓட்டுபவனின் பிழைகளில் பாதியை அது விழுங்கிவிடும். தண்டு எதையும் விழுங்காது. பல்லிணை (கியர்) மாற்றுவதில் நான் செய்த பிழை ஒவ்வொன்றையும் அது சேதாரமின்றிப் பின்னிருக்கையில் கொண்டு சேர்த்தது. கைப்பிடியை முறுக்கினால் வண்டியின் பின்புறம் எழும். முறுக்கை விட்டால் பொத்தென்று அமரும். பின்னால் ஒருபக்கமாக அமர்ந்திருந்த என் மனைவிக்கு அது ஒட்டகச் சவாரி.

எங்கள் வீடு பொம்மனஹள்ளியில்; அவருடைய தங்கை வீடு அத்திபெலேயில். ஞாயிறுதோறும் போய்வருவோம். திங்களன்று துறை நண்பர்கள் என் வெள்ளைத் தலைக்கவசத்தைத் திருப்பிப் பார்த்து, அதில் பதிந்த குங்குமத்தை எண்ணுவார்கள்.

"ஐயா, நேத்து பதினொண்ணு! அம்மாவுக்குக் கோபம் ஜாஸ்தியோ?"

குட்டுக் கதையின் பிறப்பிடம் இதுவே.

ஒரு ஞாயிறு மாலை, கழுத்தில் தைலம் தேய்த்துக்கொண்டே மனைவி தீர்ப்பளித்தார்.

"ஏங்க, இன்னும் ஒரு இடி. ஒண்ணே ஒண்ணு. அப்புறம் வண்டியை வித்துடணும். எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கிட்டேதான் இருக்கார்."

"அடுத்த ஞாயிறு வரைக்கும் பொறு."

"பொறுத்துக்கறேன். கழுத்து பொறுக்கணுமே."

புகை, சீட்டு, அரசியல் எதுவும் இல்லாத என் வாழ்வில் அந்த வண்டி ஒன்றே ஆடம்பரம். பதறிப்போய், பின்னிருக்கையில் அரிசி மூட்டையைக் கட்டி இரண்டு நாள் பயிற்சி செய்தேன். மூட்டை ஒருமுறையும் என்னை முட்டவில்லை. வென்றுவிட்டதாகவே நினைத்தேன். மூட்டைக்கு நெற்றி இல்லை என்பது புதன்கிழமைதான் உறைத்தது.

ஓசூர் சாலைப் பட்டறையொன்றில் என் வயதொத்த மெக்கானிக் இருந்தார். என் பின்னால் அமர்ந்து ஒரு சுற்று வந்தார். இறங்கியதும் மூக்கைத் தடவிக்கொண்டார்.

"சார், நீங்க என்ன வேலை?"

"தமிழாசிரியர்."

"அதான். எல்லாத்தையும் முழுசா பண்றீங்க. ஆக்சிலேட்டரை முழுசா மூடுறீங்க, கிளட்சை முழுசா புடிக்கிறீங்க, கியரை ஓங்கி ஒதைக்கிறீங்க. சும்னே ஏன் சார் இவ்ளோ கஷ்டம்? அரைகுறையா பண்ணுங்க."

மாணவர் விடைத்தாள்களின் ஓரத்தில் இருபதாண்டுகள் 'அரைகுறை' என்று சிவப்பு மையால் எழுதியவனுக்கு இப்படியோர் அறிவுரை. ஆயினும் கற்றேன். கால்விரலை முன்கூட்டியே பல்லிணை நெம்புகோலில் இலேசாக அழுத்தி வைத்திருக்க வேண்டும். முறுக்கைச் சிறிதளவே தளர்த்தி, கிளட்சை இரு விரலால் தொட்டாற்போல் இழுத்தால், பல்லிணை தானே நழுவி இடம் மாறும். கிளட்சை விடும்போதே முறுக்கும் மெல்லத் திரும்ப வேண்டும். பல்லிணையைக் கீழிறக்கும்போது இடையில் ஒரு சிட்டிகை முறுக்கு. (கிளட்சுக்கு நான் ஆக்கிய தமிழ்ச்சொல்லைப் பட்டறையில் ஒருவரும் பொருட்படுத்தாமையால், இங்கும் கிளட்ச் என்றே எழுதுகிறேன்.)

"சம்பந்தி வீட்டுக் கதவைத் தட்டுற மாதிரி தட்டுங்க சார். போலீஸ் மாதிரி வேணாம்" என்று வழியனுப்பினார்.

ஞாயிறு வந்தது. பொம்மனஹள்ளிச் சந்திப்பில் இரண்டாம் பல்லிணை: முட்டு இல்லை. மூன்றாவது: இல்லை. எலெக்ட்ரானிக் சிட்டியை நெருங்கும்போது முதுகில் மெத்தென்று ஒரு பாரம். தலை சாய்ந்திருந்தது. உறங்கிவிட்டார்! என் ஓட்டத்தில் ஓர் உயிர் உறங்குகிறது! அத்திபெலே வந்தும் வேகத்தைக் குறைக்க மனம் வரவில்லை. கீழிறக்கும்போது ஒரு சிறு குலுக்கல் நேர்ந்தால் எல்லாம் பாழ். தங்கை வீட்டுத் தெருவை நான்காம் பல்லிணையிலேயே கடந்தேன்.

"ஏங்க, தெரு தாண்டியாச்சு" என்றது முதுகு.

"நீ தூங்கலையா?"

"யாரு தூங்கினா? நீங்க எப்படியும் இடிப்பீங்கன்னு தலையை முன்னாடியே சாய்ச்சு வச்சுக்கிட்டேன். இடைவெளி இருந்தாத்தானே இடி?"

ஓரங்கட்டி நிறுத்தினேன்.

"அப்போ... வண்டி?"

"இருக்கட்டும். இப்படி உட்கார்ந்தா கழுத்துக்குச் சுகமாத்தான் இருக்கு. திருப்புங்க, சோறு ஆறுது."

வண்டி மேலும் எட்டாண்டுகள் எங்களிடம் இருந்தது. அன்று இடி விழாமல் காத்தது என் கால்விரலா, அவர் தலையா என்பதை இன்றுவரை என்னால் நிறுவ முடியவில்லை. தண்டு வண்டி ஓட்டிப் பழகியோர், மேலே கூறிய முறையில் பிழை காணின் எனக்கு எழுதித் திருத்துக. என் மனைவியின் கூற்றில் பிழை காண்போர் அவரிடமே நேரில் தெரிவிக்க வேண்டுகிறேன், அத்துணிவு எனக்கில்லை.