கோபுரக்காரியின் பதினோரு மனுக்கள்

அவளை அந்த ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை; கோபுரக்காரி என்றால்தான் தெரியும். காட்டிலாகாவின் தீக்காவல் கோபுரத்தில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். தொண்ணூற்றிரண்டு படி. மேலே ஒரு நாற்காலி, ஒரு தொலைநோக்கி, ஒரு வயர்லெஸ், நாலு பக்கமும் கண்ணாடி. புகை தெரிந்தால் எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று கீழே சொல்ல வேண்டும். அந்த வேலைக்குத் தற்காலிகப் பணி என்று பெயர். பத்தொன்பது வருஷத் தற்காலிகம்! முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

முன்பெல்லாம் மழை முடிந்து புல் காயத் தொடங்கும்போதே, பனி ஈரமுள்ள காலையாகப் பார்த்து, காட்டுக்கும் வீடுகளுக்கும் நடுவே முப்பது அடி அகலத்துக்கு இலாகாவே ஒரு பட்டையை எரித்துவிடும். கோடையில் காடு பற்றினாலும் தீ அந்தக் கருகின பட்டையோடு நின்றுவிடும். நல்ல ஏற்பாடு. நல்ல ஏற்பாட்டைக் கண்டால் சிலருக்குப் பொறுக்காது, இல்லையா? தலைநகரில் ஓர் அமைச்சர், "என் ஆட்சியில் காட்டில் ஒரு சருகுகூட எரியாது" என்று மேடையில் முழங்கிக் கைதட்டல் வாங்கினார். மறுவாரமே எரிக்கத் தடை வந்துவிட்டது. சருகு மட்டும் அதுபாட்டுக்கு உதிர்ந்து முழங்கால் உயரத்துக்குச் சேர்ந்தது.

மேலேயிருந்து தினம் அதைப் பார்க்கிறவள் அவள்தான். எரிக்கக் கூடாதென்றால் வாரியாவது அப்புறப்படுத்துங்கள் என்று மனுப் போட்டாள். பதில் இல்லை. நாலு வருஷத்தில் பதினோரு மனு. ரேஞ்சரைக் கேட்டால், "மேல அனுப்பியாச்சும்மா" என்பார். மேலே போய்க் கேட்டால், "கீழ விசாரிக்கச் சொல்லியிருக்கோம்" என்பார்கள். இந்த லட்சணத்தில் அலுவலக வாசலில், காடு நம் உயிர் என்று பலகை வேறு.

ஐந்தாம் வருஷம் அவள் தம்பிக்குப் பொறுமை போய்விட்டது. அவன் தச்சன், அம்மா போன பிறகு இவள்தான் தூக்கி வளர்த்தாள். காட்டோரத் தெருவின் கடைசி வீட்டில் அவனும் மனைவியும் இவளுமாக ஒன்றாகத்தான் இருந்தார்கள். ஒரு காலையில் யாரிடமும் சொல்லாமல், வீட்டுக்குப் பின்னால் தானே பட்டை எரிக்கப் போனான், புத்திசாலி! இலாகா எரித்தபோது பதினைந்து ஆளும் தண்ணீர் வண்டியும் இருந்தன. இவனிடம் இரண்டு குடமும் ஒரு பச்சைக் கிளையும். காற்று திரும்பியது, நாற்பது ஏக்கர் போயிற்று. நல்லவேளை, உயிருக்குச் சேதமில்லை. புகையை முதலில் பார்த்து வயர்லெஸ்ஸில் சொன்னவள் அவள்தான். யார் வைத்த தீ என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

ஆளுங்கட்சி சதி என்றது, எதிர்க்கட்சி ஊழல் என்றது. இரண்டு கூட்டமும் கரியில் நின்று படம் எடுத்துக்கொண்டு போயின. தம்பிமேல் வேண்டுமென்றே காட்டுக்குத் தீ வைத்ததாக வழக்கு. "நான்தான் வெச்சேன்" என்று அவன் ஒப்புக்கொண்டுவிட்டான். இனி எத்தனை வருஷம் என்பதுதான் பாக்கி.

"ஆபத்து தெரியாம செஞ்சிட்டாருன்னு நீதிபதி நம்பினா ஒரு வருஷம். அது ஏற்கெனவே உள்ள இருந்ததுலயே கழிஞ்சிடும், அன்னைக்கே வீட்டுக்கு வந்துடலாம். தெரிஞ்சே செஞ்சாருன்னா ஆறு வருஷம்கூட ஆகலாம்" என்றார் தம்பிக்காக வாதாடிய வக்கீலம்மா.

தீர்ப்பு நாளன்று காலையில் கோபுரக்காரி, குற்றம் யாருடையது என்று காட்ட, இலாகா முத்திரை போட்ட பதினோரு மனு நகலையும் மஞ்சள் பையில் கொண்டுவந்தாள். "இதை முன்னாடியே தரக் கூடாதா?" என்று வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார். வராந்தாவில் ரேஞ்சர் மறித்தார்.

"இலாகாவ இதுல இழுக்காதம்மா. உன் வேலை தற்காலிகம், ஞாபகம் இருக்கட்டும்."

"வேலை போனா போகட்டும் சார். என் தம்பி வீட்டுக்கு வரணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு மனுவாகப் படித்தார். இத்தனை வருஷத்தில் அவற்றை ஒரு மனுஷன் படிப்பதை அவள் அன்றுதான் பார்த்தாள். பின்னாலேயே உள்ளே வந்து நின்ற ரேஞ்சரை அவர் ஒரு முறை முறைத்தும் பார்த்தார். அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அப்போது அரசு வக்கீல் எழுந்தார்.

"எழுத்து முத்து முத்தா இருக்கேம்மா. நீங்க எழுதினதா?"

வக்கீலம்மா வேண்டாம் வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். இவள் எங்கே பார்த்தாள்? தம்பியை யாராவது மெச்சினால் இவளுக்குத் தலைகால் புரியாது.

"என் தம்பி எழுதினதுங்க. நான் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதுவான். பதினொண்ணும் அவன் கையெழுத்துதான்."

அரசு வக்கீல் ஒன்பதாவது மனுவை எடுத்து உரக்கப் படித்தார். "இந்தச் சருகில் ஒரு பொறி விழுந்தால் மலையே போய்விடும். தண்ணீர் வண்டி இல்லாமல் இங்கே யாரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது." பிறகு நீதிபதியைப் பார்த்தார். "இதை எழுதினவரைவிட ஆபத்து தெரிஞ்சவர் யாருங்கய்யா இருக்க முடியும்?"

ஆறு வருஷம். தம்பி மனைவி பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். "விடுக்கா, நீ என்ன பொய்யா சொன்ன?" என்று தம்பி கூண்டிலிருந்து சொன்னான். அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

வராந்தாவில் ரேஞ்சர் அவளுக்காகவே காத்திருந்தார். முகத்தில் நிஜமாகவே பரிவு.

"மனசத் தேத்திக்கம்மா. நல்லவேளை நீ கொண்டுவந்து கொடுத்த, இலாகா மேல பேச்சே வரல. உன் வேலைக்கு நான் பொறுப்பு."

அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போல அவளுக்கு ஆத்திரம் வந்தது. 

"அந்த மனுல ஒண்ணையாவது நீங்க படிச்சீங்களா சார்?"

"இன்னைக்குத்தாம்மா கேட்டேன்" என்றார் ரேஞ்சர். "எவ்வளவு தெளிவா எழுதியிருக்கான் உன் தம்பி!"