ஐஸ் கம்பெனியை விற்ற பிறகு

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில் முப்பது வருடம் ஐஸ் கம்பெனி நடத்தினேன். அறுபத்து மூன்று வயதில் அதை நல்லபடியாக விற்றேன். ஆனாலும் பழக்கம் விடவில்லை. தினமும் காலையில் அங்கேயே போய் உட்கார்ந்தேன்.

ஒருநாள் ஐஸ் ஏற்றும் முறை தப்பாகப் பட்டது. "அந்தோணி, அந்த வண்டியை நிறுத்து!" என்று சத்தம் போட்டேன். என்னிடம் இருபது வருடம் வேலை பார்த்தவன் அவன். தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதிய. முதலாளியிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாரேன்."

அவன் சொன்னது சரிதான். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வெளியே வந்து ஆட்டோவுக்காக நின்றபோது உறைத்தது: நான்கு வேன் வைத்திருந்த எனக்கு ஒன்றைக்கூட ஓட்டத் தெரியாது.

மறுநாளே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

"இந்த வயசுல எதுக்கும்மா?" என்றார் மாஸ்டர்.

"வயச விடுங்க. கிளட்ச எப்ப விடணும்னு சொல்லுங்க."

முதல் டெஸ்டில் எட்டுப் போடும்போது வண்டி நின்றுவிட்டது. விடாமல் இன்னும் ஒரு மாதம் பழகி லைசென்ஸ் வாங்கினேன்.

இப்போது வாரத்தில் மூன்று நாள், பக்கத்து வீட்டு ஜெசிந்தாவை டயாலிசிஸுக்கு நான்தான் காரில் கூட்டிப்போகிறேன். ஐந்து நிமிடம் பிந்தினால், "ஏளா, எங்கன போன?" என்று அதட்டுவாள். முதலாளியாக இருந்தவரை என்னை யாரும் அப்படி அதட்டியதில்லை. எனக்காக ஒருத்தி காத்திருக்கிறாள் என்பதே இப்போது போதுமாக இருக்கிறது.