வால்நட் மரமும் என் காதும்

கிட்டார் விற்பது, மரத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு, அதேபோலத் தெரியாத ஒருத்தி தைரியமாகப் பதில் சொல்லும் தொழில். என்னைப்போலக் கடையில் உட்கார்ந்து பதில் சொல்லியே காலம் தள்ளுகிறவர்களுக்கு இந்த அவஸ்தை புரியும்.

திருப்பூரில் பனியன் கடைகளுக்கு நடுவே எங்கள் இசைக்கருவிக் கடை இருக்கிறது. என் கணவர் போனபிறகு நான்தான் பார்த்துக்கொள்கிறேன். கல்லூரியில் படித்தது இலக்கியம். ஒரு கருவியும் வாசிக்கத் தெரியாது. ஆனால் கேட்கத் தெரியும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. 'அந்தம்மா கேட்டுச் சொன்னாச் சரியா இருக்கும்' என்று நம்பித்தான் பாதிப்பேர் வருகிறார்கள். ஆக, கடையின் மூலதனம் என் காது. அந்தக் காதைப் பற்றித்தான் இரண்டு வருடமாக எனக்குக் குழப்பம். ஆரம்பித்து வைத்தது வால்நட் மரம்.

பருப்பு மரம்

கிட்டாரின் முன்பலகை பெரும்பாலும் வெளிர்நிற ஊசியிலை மரம். முதுகுக்கும் பக்கங்களுக்கும்தான் மரம் மாறும். எங்களிடம் ரோஸ்வுட்டும் மஹாகனியும்தான் இருந்தன. ஒருநாள் வால்நட் முதுகோடு ஒன்று வந்தது. பால் குறைத்துப்போட்ட காப்பியின் நிறம், அதில் கருப்புக் கோடுகள்.

அடுத்த கட்டடத்தில் நூல் குடோன் வைத்திருக்கும் பெரியவர் பார்க்க வந்தார். அக்ரூட் பருப்பு காய்க்கிறதே, அதே மரம்தான் இது என்று பெருமையாகச் சொன்னேன். அவர் கையிலிருந்த கிட்டாரை மெதுவாகக் கீழே வைத்தார். அவர் கேட்ட கேள்விக்கு அப்படியெல்லாம் ஆகாது என்றுதான் பதில் சொன்னேன். ஆனாலும் ஒரு மாதம், கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தக் கிட்டாரின் ஓரங்களைச் சுற்றித் தடவிப் பார்த்தேன். அவர் கேட்டது இதுதான்: "ஏனுங்கம்மா, பருப்பு மரம்னா எலி வந்து கடிக்காதுங்களா?"

சுவரைப் பார்த்த நாற்காலி

என் நாற்காலி சுவரைப் பார்த்துப் போடப்பட்டிருக்கும். கிட்டாரின் நிறத்தைப் பார்த்தால் காது ஏமாந்துவிடும் என்று எனக்கு ஒரு பயம். வாடிக்கையாளர் பின்னால் நின்று ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக் கேட்டுச் சொல்வேன்.

ரோஸ்வுட்டில் அடியில் ஒரு முழக்கம் வரும். ஒரு சுரம் அடங்குவதற்குள் அடுத்தது அதன் தோளில் ஏறிவிடும். மஹாகனி, போர்வைக்குள்ளிருந்து பேசுவதுபோல. வால்நட்டில் ஒவ்வொரு சுரமும் தனியாக வந்து, சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனது. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு நல்ல வரியைப் படித்ததுபோல இருந்தது எனக்கு.

அன்று வாசித்தவர் ஜெபராஜ். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்து மண்ணரையில் குடியிருப்பவர். பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் ஓட்டுகிறார். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டு நடத்துகிறார். "பொழப்புல ஒரு தடவதாம்மா வாங்க முடியும். நீங்க சொல்லுதத வாங்கிக்கிடுதேன்" என்றார். திரும்பிப் பார்க்காமலேயே வால்நட் என்றேன். அவரும் மறுபேச்சில்லாமல் தலையாட்டினாராம். அதற்குப்பின் வால்நட்டாகவே வரவழைத்தேன். வந்தவர்களுக்கும் வால்நட், அடுத்து வந்தவர்களுக்கும் வால்நட். கடைசியில், எங்கள் கடையில் கிட்டார் பழுது பார்க்கும் மாணிக்கம் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்கம்மா, இந்த மரம் உங்களுக்கு ஒறவுங்களா, ஒறம்பரைங்களா?"

ஒரே லாட்

அருள்புரத்தில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர் ஒருவர் மகளோடு வந்தார். தந்தி பக்கம் போகவே இல்லை. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிட்டாரின் விளிம்பைப் பிடித்து, துணியை நிமிண்டிப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒரே தடவையில் சாயம் ஏற்றிய துணியைக் கேட்பதுபோல, முதுகும் பக்கமும் ஒரே லாட்டா என்றார். சுருங்குமா என்றார். மாணிக்கம்தான் உள்ளிருந்து, "வெயிலுக்குச் சுருங்குமுங்க, மழைக்கு விரியுமுங்க" என்றார். அந்தப் பதிலில் அவருக்கு எங்கள்மேல் மரியாதை வந்துவிட்டது.

மகள் வாசித்தாள். நான் சுவரிடம் வால்நட் என்றேன். போதாததற்கு, வருடம் போகப்போக மரம் கருக்கும், நாதமும் முதிரும் என்று சேர்த்துக்கொண்டேன். எங்கோ படித்ததுதான். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அதெல்லாஞ் சரிங்கம்மா, ஒரு துவைப்புக்கு அப்பறம் எப்படி இருக்கும்னு மட்டும் சொல்லுங்க."

பட்டாம்பூச்சி

ஒரு வருடம் கழித்து அந்தப் பனியன் கம்பெனிக்காரர் அதே கிட்டாரோடு வந்தார். ஹாலில் ஜன்னல் வெயில் படும் இடத்தில், முதுகு வெளியே தெரிய மாட்டி வைத்திருந்தார்களாம். கிட்டாரின் முதுகில் மகள் ஒட்டியிருந்த பட்டாம்பூச்சிப் படத்தை உரித்திருக்கிறார்கள். படம் இருந்த இடத்தில் மட்டும் பழைய காப்பி நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி. சுற்றிலும் மரம் வெளிறிக் கிடந்தது.

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தலையைச் சாய்த்து, துணியில் சாயத்தின் ஷேட் பார்க்கிற கண்ணால் எனக்குக் காட்டினார். கருக்கும் என்று நான் சொன்னது என் காதிலேயே ஒலித்தது. மாணிக்கத்தைப் பார்த்தேன். "மத்த மரந்தானுங்க கருக்கும். வால்நட்டு வெளிச்சம் பட்டா வெளுக்குமுங்க" என்றார். அதையும் முதிர்ச்சி என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் என்னவோ உளறினேன். அவர் கோபப்படவில்லை. கிட்டாரை உறைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தபடியே சொன்னார்: "எங்க கம்பெனில இதை வெளுத்துப்போச்சுன்னு திருப்பி அனுப்பிருவாங்க. நீங்க முதிர்ந்துபோச்சுங்கறீங்க. நல்லாத்தான் படிச்சிருக்கறீங்க போங்க."

கொசு

நிறத்தில் தப்பு. வேறு எதிலெல்லாம் தப்போ என்று அன்றே மனதில் ஒரு முள் விழுந்தது. அது ஆழமாய் இறங்கியது, பாட்டு சொல்லிக்கொடுக்கும் ஒரு பெண் தன் கிட்டாரைப் பழுதுக்குக் கொண்டுவந்த நாளில். மேல் கட்டத்தில், உச்ச சுரங்களை வாசித்தால் கொசு பறப்பதுபோல இரைகிறது என்றாள். வாசித்தும் காட்டினாள். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கேட்டேன். கொசு இல்லை. மறுபடி வாசிக்கச் சொன்னேன். அப்போதும் இல்லை. உள்ளறையில் மரம் இழைத்துக்கொண்டிருந்த மாணிக்கம் குரல் கொடுத்தார்: "முதத் தந்தி இரையுதுங்க, இங்க வரைக்கும் கேக்குது."

அந்த வாரமே காது டாக்டரிடம் போனேன். கூண்டுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெகுநேரம் நான் பொத்தானைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். வெளியே வந்ததும் ஒரு தாளைக் காட்டினார்கள். அதில் ஒரு கோடு நேராகப் போய், பாதிக்குமேல் மலைச்சரிவுபோல் இறங்கியது. இறங்கிய இடமெல்லாம் எனக்குக் கேட்காத இடம். டாக்டர் நல்ல மனிதர். தாளை மடித்துக் கொடுத்துச் சொன்னார்: "உங்க வயசுக்கு இது நல்ல காதுதானுங்க. குருவிச் சத்தம் மட்டும் இனி நெனப்புலதான்."

இரண்டு கோடுகள்

மறுநாள் மாணிக்கத்திடம், உண்மையைச் சொல்லுங்கள், உங்கள் காதுக்கு எது நல்லது என்று கேட்டேன். ரோஸ்வுட்டில் மேலே ஒரு மினுமினுப்பு உண்டு, வால்நட்டில் அது கம்மி, தனக்கு ரோஸ்வுட்தான் என்றார். கணக்கு புரிந்துவிட்டது. அந்த மினுமினுப்பு எனக்குக் கேட்காது. அதை எடுத்துவிட்டால் ரோஸ்வுட்டில் மிச்சம் இருப்பது முழக்கம் மட்டும். வால்நட்டில் நடுக்குரல் முழுதாக இருக்கும். நான் மரத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, என் செவிட்டுத்தனத்துக்கு அளவெடுத்திருக்கிறேன். முன்னமே சொல்லியிருக்கலாமே என்றேன். "செவுத்தப் பாத்துட்டு அத்தன சந்தோசமா உக்காந்திருந்தீங்க. எப்படிங்க சொல்றது?" என்றார்.

ஜெபராஜின் நினைப்புதான் மனதை அறுத்தது. பிழைப்பில் ஒரு தடவை வாங்குகிறவர். போன் போட்டு, கிட்டாரை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். வந்தார். டாக்டர் தாளை மேசைமேல் விரித்து, தப்பு என்னுடையது, ரோஸ்வுட்டை மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். என் நாற்காலியில் அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தேன். மாணிக்கம் பின்னால் நின்று, எது எதென்று சொல்லாமல் மாற்றி மாற்றி வாசித்தார். மூன்று தடவை. மூன்று தடவையும் ஜெபராஜ் கைநீட்டியது வால்நட்டுக்கு.

"மேலே மினுமினுவென்று ஒன்று கேட்கிறதா?" என்றேன்.

"எங்க கேக்குதும்மா?" என்று திரும்பினார். பிறகு என் தாளைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார். கம்பெனியில் ஆடிட் வந்தபோது மெஷின் ஓட்டுகிறவர்களுக்கும் காது பார்த்தார்களாம். சரிந்து இறங்கும் அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்து, கடைசிவரை வழுக்கிக்கொண்டே போனார். இருபது வருடம் நிட்டிங் ஷெட்டின் இரைச்சலில் நின்றவருக்கும் அதே சரிவுதான். கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டார். வாசல்படியில் நின்று சொன்னார்: "எங்க சபையில முக்காவாசிப் பேரு மெஷின்காரங்கதாம்மா. எங்க எல்லாத்துக்கும் இருக்கது ஒங்க காதுதான்."

மரம் நல்லதா, காது கெட்டதா என்று இன்றுவரை எனக்குத் தெளியவில்லை என்றாலும் அடுத்த தடவைச் சரக்குக்கும் வால்நட்டே வேண்டுமென்று சொல்லிவிட்டேன், மாணிக்கம் மட்டும் தனக்கென்று ஒரு ரோஸ்வுட்டை உள்ளறையில் ஒளித்து வைத்திருக்கிறார்.