நான் கேட்டு வாங்கிய சட்டம்

மூன்று வருடங்களுக்கு முன்னால், கொட்டும் மழைக்காலத்தில், நெய்யாற்றின்கரையில் நடந்த ஒரு கூட்டத்தில் நான் பேசினேன். பேசி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டல் அதுதான். இன்றைக்கு அதை நினைத்தாலே வெட்கமாக இருக்கிறது.

பாறசாலைக்குப் பக்கத்தில், எல்லைக்கு மலையாளப் பக்கத்தில், தமிழ்ப் பக்கத்துக்கு நடக்கிற தூரத்தில், ஒரு சிறிய முதியோர் இல்லம் நடத்துகிறேன். இருபது வருடம் வடக்கே நர்சாக வேலை பார்த்துவிட்டு வந்து, கணவரின் குடும்ப வீட்டிலேயே ஆரம்பித்தேன். அந்தக் கூட்டம் நடந்த சமயத்தில் இல்லத்தில் பதினேழு பேர் இருந்தார்கள். எங்கள் பகுதியைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். இங்கே ஒருவருக்கு வீடு இந்த மாநிலத்தில் இருக்கும், ரேஷன் கார்டு அந்த மாநிலத்தில் இருக்கும். கோயிலோ சர்ச்சோ அந்தப் பக்கம், ஆஸ்பத்திரி இந்தப் பக்கம். "நீங்க எந்த ஸ்டேட்டு?" என்று கேட்டால், "எதுக்கு கேக்கிய?" என்று திருப்பிக் கேட்பார்கள். எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் பதில் வரும். அதை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை.

அந்தப் பதினேழு பேரில் ஒருவர் எண்பதை நெருங்கியவர். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன், அவருக்கு நான் சிஸ்டர். ஆரியங்கோட்டில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நாற்பது வருடம் பால் வெட்டியவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தோட்டத்திலேயே ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையை ஒட்டிய அறையில் கிடந்துவிட்டார். ரேஷன் கார்டில் பேர் மட்டும் எல்லைக்கு அந்தப் பக்கம் அக்கா வீட்டில் இருந்தது. அக்கா போனாள், பேரும் போனது. தோட்டம் கைமாறியதும், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு என் வாசலில் வந்து, வாழைக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டுமா என்று கேட்டார். வேலைக்கு என்று வந்தவர் அப்படியே தங்கிவிட்டார்.

பால் வெட்டுகிறவர்களுக்கு விடியும் முன்பே முழிப்பு வந்துவிடும். அந்தப் பழக்கத்தில் எழுந்து, பெரிய அண்டாவில் எல்லோருக்கும் குளிக்க வெந்நீர் போட்டு வைப்பார். ராத்திரியில் யாருக்காவது மூச்சு மாறியிருந்தால் எனக்கு முன்னால் அவருக்குத் தெரியும். நர்ஸ் படித்தவள் நான். அதைச் சொல்லி அவர் என்னைக் கேலி செய்ததும் உண்டு.

அவரைச் சேர்த்த அன்று பதிவேட்டில் விலாசம் என்ற இடத்தில், பழைய தோட்டத்தின் பேரை நானே எழுதினேன். அவர் அங்கே இல்லை, இனிப் போகப் போவதும் இல்லை என்று தெரியும். ஏதாவது ஒன்று எழுத வேண்டுமே என்று எழுதியதுதான்.

கூட்டத்துக்கு முந்தின வருடம் ஒரு காலையில், ஆட்டோவில் ஒரு அம்மாவைக் கொண்டுவந்து இறக்கினான் ஒருவன். மகன் என்றான். காட்டாக்கடையில் ஒரு விலாசம் கொடுத்துக் கையெழுத்தும் போட்டான். மூன்று வாரத்தில் அந்த அம்மா இறந்துபோனார். காட்டாக்கடையில் அப்படி ஒரு வீடே இல்லை, போன் நம்பரும் யாரோ ஒருவருடையது. உடல் பிணவறையில் கிடந்தது. நான் ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தேன். அந்த அம்மாவின் நகை எங்கே என்று என்னிடம் கேட்டார்கள். வெறும் ஓட்டைக் காதோடு வந்தவர் அவர். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

அந்தக் கோபம் ஆறுவதற்குள் ஒரு செய்தி வந்தது. மாநிலத்தில் முதியோர் இல்லங்களுக்கான விதிகளைத் திருத்தப் போகிறார்கள், சட்டசபைக் குழு ஒன்று நெய்யாற்றின்கரைக்கு வந்து, இல்லம் நடத்துகிறவர்களின் கருத்தைக் கேட்கப் போகிறது என்று. தாலுகாவில் எங்களைப் போலச் சிறிய இல்லம் நடத்துகிறவர்கள் என் வீட்டு முன்னறையில் கூடினோம். பால் விடாத கட்டன் சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் வைத்துக்கொண்டு பேசினோம். மற்றவர்கள் கழிப்பறை அளவைப் பற்றியும், ராத்திரி நர்ஸ் கட்டாயம் என்பதைத் தளர்த்துவது பற்றியும் பேசினார்கள். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. இந்த மாநிலத்து விலாசச் சான்றும், பொறுப்பேற்கும் உறவினர் கையெழுத்தும் இல்லாமல் யாரையும் வைத்திருக்கக் கூடாது. சில இல்லங்களில் நடத்துகிறவரே உறவினர் என்று கையெழுத்துப் போட்டுக் கணக்குக் காட்டுவது எனக்குத் தெரியும். அதனால், நடத்துகிறவர் அந்தக் கையெழுத்தைப் போடக் கூடாது என்றும் ஒரு வரி சேர்த்தேன். என் மலையாளக் கையெழுத்து அழகாக இருக்கும் என்று மனுவை என்னையே எழுதச் சொன்னார்கள்.

அந்த மனுவைத் தூக்கிக்கொண்டு நான் ஏறாத படி இல்லை. எம்.எல்.ஏ. வீட்டில் காத்திருந்தேன், இரண்டு தடவை ரயிலேறித் தலைநகரத்துக்குப் போனேன். சட்டம் என்றால் படித்தவர்கள் உட்கார்ந்து எழுதுவது என்று நினைத்திருந்தவள் நான். யார் விடாமல் வாசலில் நிற்கிறார்களோ அவர்கள் சொன்னதும் அதில் ஏறிவிடும் என்று அப்போதுதான் தெரிந்தது.

கூட்டத்துக்கு, இல்லத்தில் இருக்கும் ஒருவரையும் கூட்டிக்கொண்டு வந்தால் நன்றாக இருக்கும் என்று எங்களில் ஒருவர் யோசனை சொன்னார். மாமாவைக் கூட்டிக்கொண்டு போனேன். மாடிப்படி ஏறவும், அழாமல் பேசவும் எங்கள் வீட்டில் அவரால்தான் முடியும். வெள்ளை வேட்டியை நானே தேய்த்துக் கொடுத்தேன். குழுவில் ஒருவர், வீடு எங்கே என்று அவரிடம் கேட்டார்.

"வேற எங்க சார்? சிஸ்டருக்க வீடுதான் எனக்க வீடாக்கும்," என்றார் மாமா.

எல்லோரும் சந்தோஷமாகச் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவரைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, நான் முன்னால் போய்ப் பேசினேன். அந்த ஆட்டோ, அந்த அம்மா, பிணவறை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டவர்களில் சிலருக்குக் கண் கலங்கியது. குழுவிலிருந்த ஒரு உறுப்பினர் மட்டும் நிதானமாக ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் சொல்லும் இந்த நிபந்தனை இனிமேல் சேருகிறவர்களுக்கு மட்டுமா, ஏற்கனவே இருக்கிறவர்களுக்கும் சேர்த்தா என்று.

ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். ஆளுக்கொரு சட்டம் வேண்டாம், இருக்கிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் ஒன்றுதான், கள்ள விலாசத்தில் இருக்கிறவர்கள் இப்போதும் இருக்கிறார்கள் என்று மலையாளத்தில் கணீரென்று சொன்னேன். அதற்குத்தான் அந்தக் கைதட்டல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஷட்டரை இறக்கியிருந்தார்கள், வெளியே ஒன்றும் தெரியாது. ஆனாலும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். அமரவிளை தாண்டியதும் கேட்டார்.

"சிஸ்டர் நல்லா பேசினிய. ஒண்ணு கேக்கட்டா? எனக்க விலாசம் எதாக்கும்?"

"உமக்கு என்னத்துக்கு மாமா விலாசம்? நீரு நம்ம ஆளில்லியா?" என்று நான் சிரித்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நான் கேட்ட சட்டம் யாரோ ஊர் தெரியாத அயோக்கியர்களுக்கு. எங்கள் வீட்டுக்குள் அது எதற்கு வரப்போகிறது?

அடுத்த வருடம் புதிய விதிகள் வந்தன. கழிப்பறை, ராத்திரி நர்ஸ் எதிலும் எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நான் எழுதியது மட்டும் கிட்டத்தட்ட வார்த்தைக்கு வார்த்தை அப்படியே இருந்தது. அன்றைக்கு இல்லத்தில் அடைப் பாயசம் வைத்தேன். உருளியில் நின்று கிண்டியது மாமாதான்.

பரிசோதனைக்கு வந்த அதிகாரி இளம் பெண். மரியாதையானவள். பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொரு விலாசத்துக்கும் கடிதம் அனுப்பினாள். ஆரியங்கோட்டுக்குப் போனது மட்டும் ஆள் இல்லை என்று திரும்பி வந்தது. நான் மாமாவைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கத்து வில்லேஜ் ஆபீசுக்குப் போனேன், ரேஷன் கார்டு கேட்டார்கள். எல்லை தாண்டி அந்தப் பக்கத்து ஆபீசுக்குப் போனேன், அப்படி ஒரு பேரே இல்லை என்றார்கள். உறவினர் கையெழுத்தாவது கிடைக்கட்டும் என்று அக்கா மகனைத் தேடிப் பிடித்தேன். அவன் எங்களை உள்ளே கூப்பிடவில்லை. "இப்ப நான் ஒப்பு போட்டா, நாளைக்கு மாமன எனக்க தலையில கெட்டி வச்சிட்டுப் போவிய," என்று முகத்துக்கு நேராகச் சொன்னான். மாமா பக்கத்தில்தான் நின்றார். திரும்பி வரும் வழியில், அவனுக்கு மூன்று பெண் பிள்ளைகள், பாவம் என்றார்.

கடைசியில் அந்த அதிகாரியிடமே போய், விலாசத்துக்கு என் வீட்டையே எழுதிக்கொள்ளுங்கள், பொறுப்பு நான் ஏற்கிறேன், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்று கெஞ்சினேன். அவள் கோப்பைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் திருப்பினாள். அன்றைய கூட்டத்தின் குறிப்பு. நடத்துகிறவர் கையெழுத்து கூடாது என்பதும், இருக்கிறவர்களுக்கும் வருகிறவர்களுக்கும் ஒன்றுதான் என்பதும் என் பேரோடு அதில் இருந்தன.

"இது நிங்ஙள் பறஞ்ஞதல்லே, சிஸ்டர்?" என்று கேட்டாள். குத்திக் காட்டுவதற்காகக் கேட்கவில்லை. அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை.

நான் சொன்னதுதான் என்று ஒப்புக்கொண்டேன். வேறென்ன சொல்ல?

ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். மாமா போக வேண்டும், இல்லையென்றால் இல்லத்தின் பதிவு போகும். பதிவு போனால் மற்ற பதினாறு பேரும் தெருவுக்கு வருவார்கள். மனு கொடுத்துப் பார்த்தேன். சேர்ந்து வந்து கேட்கலாம் என்று மற்ற இல்லக்காரர்களைக் கூப்பிட்டேன். அன்றைக்கு எல்லோரையும் விடப் பலமாகக் கைதட்டியவர்தான், ஒரு ஆளுக்காக வேண்டி எல்லாருக்கும் வம்பு வேண்டாம் என்று போனை வைத்தார். அவரைத் திட்டித் தீர்த்தேன். திட்டி முடித்த பிறகு, எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியது நான்தானே என்று தோன்றியது.

எல்லைக்கு அந்தப் பக்கம், மார்த்தாண்டம் தாண்டி ஒரு இல்லத்தில் இடம் கிடைத்தது. போகிற அன்றைக்கும் மாமா வெந்நீர் போட்டார். எல்லோரும் குளித்த பிறகு அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்தார். "வாறேன்," என்று ஒவ்வொரு கட்டிலாகப் போய்ச் சொன்னார். எங்கே என்று கேட்டவர்களுக்கு, சும்மா கொஞ்ச நாளைக்கு என்றார்.

அங்கே ஒரு படிவம் கொடுத்தார்கள். உறவுமுறை என்ற இடத்தில் மகள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் ஆதாரம் கேட்கவில்லை. அந்தப் பக்கம் அப்படி ஒரு விதி இல்லை. என்னை மாதிரி ஒருத்தி அங்கே இன்னும் கைதட்டல் வாங்கவில்லை போலிருக்கிறது.

மாமா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பார்.

"இத அங்கயே எழுதியிருக்கலாம் இல்லியா மக்கா," என்றார்.

எங்கள் பக்கத்தில் பெற்ற பிள்ளையை மக்கா என்று கூப்பிடுவார்கள். அதுவரை என்னைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். அங்கே எழுத முடியாது மாமா, அதையும் நான்தான் கேட்டுத் தடுத்து வைத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மழை வருகிறது, கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு மழையே இல்லை.

மாதம் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். அங்கே அவரை அடுப்புப் பக்கம் விடுவதில்லை, விழுந்துவிடுவார் என்று பயம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. விடியும் முன்பே எழுந்து, வெளிச்சம் வரும்வரை கட்டிலில் சும்மா உட்கார்ந்திருப்பார் என்று அங்கே வேலை செய்யும் பெண் சொன்னாள். எட்டு மாதம் இருந்தார். இறந்த அன்று, மகள் என்று எனக்குத்தான் போன் வந்தது. உடலை வாங்கும் தாளிலும் மகள் என்று கையெழுத்துப் போட்டேன். பிணவறையில் ஒருநாள்கூட அவர் கிடக்கவில்லை. என் சட்டம் கேட்ட பொறுப்பான உறவினர் அப்போது தயாராக இருந்தாள்.

இப்போது அந்த விதியைத் திருத்தச் சொல்லி மறுபடியும் வாசல் வாசலாக ஏறுகிறேன். என்னோடு கையெழுத்துப் போட்டவர்கள் இரண்டு பேர்தான். போகிற இடத்திலெல்லாம் பழைய குறிப்பை எடுத்து என் முன்னால் வைக்கிறார்கள், நான் எழுதியதை நானே மறுத்துப் பேசுகிறேன். பேச எழும் முன்பு ஒவ்வொரு தடவையும் கடைசி பெஞ்சில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கிறேன். அன்றைக்கு ஒரே ஒரு தடவை அப்படித் திரும்பிப் பார்த்திருந்தால், நான் கேட்ட சட்டத்துக்கு ஒரு முகம் இருப்பது தெரிந்திருக்கும்.