கடல் தண்ணீர் குடித்த இன்ஜின்

காசிமேட்டு மீன் துறைமுகத்தில் லோடு ஆட்டோக்காரர்களுக்கு ஒரு முறை உண்டு. யார் அதிகப் பெட்டி ஏற்றுகிறாரோ அவருக்குத்தான் முதல் வண்டி. நாற்பது பெட்டி எடுக்கிற ஏஜென்ட் விடியும் முன்பே கிளம்பிவிடுவார். நாலு பெட்டி எடுக்கிற நான், எல்லோரும் போன பிறகு, எந்த வண்டியில் இடம் மிச்சமோ அதில் ஏற வேண்டும். மாத்தூரில் என் கடைக்கு மீன் வந்து சேர எட்டரை ஆகிவிடும். வேலைக்குப் போகிற சனம் அதற்குள் போய்விடும். மிச்சம் இருப்பவர்கள் செவுளைத் தூக்கிப் பார்த்து, "இன்னாம்மா, நேத்து மீனா?" என்பார்கள். நேற்று மீன் இல்லை தாயே, இன்றைக்குப் பிடித்து வண்டிக்காகக் காத்துக் கிடந்த மீன் என்று எத்தனை பேரிடம் சொல்வது?

பதினோரு வருஷம் அப்படிக் கடைசி வண்டியில் வந்தேன். அதற்குள் என் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி போட்டு ஒரு மீன் கடை வந்துவிட்டது. அவர்கள் ஆறரைக்கே ஷட்டரைத் தூக்கினார்கள். என் வாடிக்கை ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு வருஷம் இப்படிப் போனால் கடையை மூடிவிட்டு வேறு யாரிடமாவது மீன் வெட்டுகிற வேலைக்குத்தான் போக வேண்டும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

லோடு ஆட்டோ சங்கத்துத் தலைவரிடம் கேட்டேன், என் முறை எப்போதுதான் முன்னால் வரும் என்று.

"நாப்பது பொட்டி எடு எக்கா, நாளைக்கே வரும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் கெட்ட மனிதர் இல்லை, விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த வண்டி என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

புது வண்டிக்கு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனிக்குப் போனேன். லைசென்ஸ் என்னுடையது, கடை என்னுடையது, ஓட்டப் போவதும் நான். அங்கே உட்கார்ந்திருந்த தம்பி எல்லாத் தாளையும் புரட்டிவிட்டு, "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கம்மா, அவர் கையெழுத்து இல்லாம ஆகாது" என்றான். என் வீட்டுக்காரர் வந்து போட்டிருப்பார், கூப்பிட்டால் போதும். நான் கூப்பிடவில்லை. தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். வீம்பு என்றால் வீம்புதான்.

அன்று மாலை ஐஸ் பெட்டியின் தெர்மாகோல் மூடியைத் திருப்பிப் போட்டு, மார்க்கர் பேனாவால் ஒரு வண்டி வரைந்தேன். நீள மூக்கு, உருண்டைக் கண்கள், பின்னால் திறந்த தொட்டி. என் சின்ன வயதில் ராயபுரத்துப் பாலத்தின் மேல் வலை மூட்டைகளோடு போகுமே, அந்தப் பழைய பிக்கப். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமே இது, எலியா?"

"வண்டி. சேர்த்துக் கட்டப் போறேன்."

அவர் கன்டெய்னர் யார்டில் வெல்டர். இரும்பைப் பற்றி அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. "இத்த இப்ப எவன் ஓட்றான்? குட்டி யானை மாதிரி எதுனா செகண்டுல வாங்கேன்" என்றார். நான் காரணங்களை அடுக்கினேன். இதில் கம்ப்யூட்டர் கிடையாது. முன் கண்ணாடி இரண்டும் தட்டை, கண்ணாடிக் கடையில் அளவு சொல்லி வெட்டி வாங்கலாம். தகடு தடிமன், எங்கே கிழிந்தாலும் நீயே பற்ற வைக்கலாம். கன்டெய்னர் லாரிகள் பெயர்த்துப் போட்ட எண்ணூர் ரோட்டில் இந்த ஸ்பிரிங் தாங்கும். எல்லாம் உண்மைதான். முதல் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. எனக்கு அந்த வண்டியைப் பிடித்திருந்தது. மீன்காரிக்கு என்ன ஆசை வண்டியில் என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயம்.

மூடியில் வண்டியைச் சுற்றி, எந்தப் பாகம் எங்கே கிடைக்கும் என்று எழுதிக்கொண்டே வந்தேன். எட்டு மாதம் அந்த மூடிதான் என் பிளான். சேஸ், அதாவது அடிச்சட்டம், சடையங்குப்பத்தில் கிடைத்தது. மூடிப்போன ஒரு செங்கல் சூளையின் வண்டி, இரண்டு மூன்று மழைக்கு வெள்ளத்தில் நின்றிருந்தது. மேலே எல்லாம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஆனால் கீழே சட்டம் நன்றாக இருந்தது, கியர் பெட்டி இருந்தது, இன்ஜின்தான் இல்லை. முக்கியமாக ஆர்.சி. புத்தகம் உயிரோடு இருந்தது. வண்டியைக் கொண்டுபோய்க் காட்டி, ஓடத் தகுதியானது என்று எஃப்.சி. வாங்க இன்னும் கொஞ்ச காலம் அவகாசம். தவறினால் அது வெறும் பழைய இரும்பு. கதவுகள் புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் வாங்கினேன், ஒன்று நீலம், ஒன்று மஞ்சள். சீட் ஒரு பழைய பஸ்ஸிலிருந்து. தொட்டிக்கு, யார்டில் கழித்துப் போட்ட கன்டெய்னரின் தகடும் அடிப்பலகையும் ஏலத்தில் எடுத்தோம். வீட்டுக்காரர் முதல் வெல்டிங்கை வைத்த அன்று, "எலிக்கு வால் வச்சாச்சு" என்றார். அப்போதே தெரிந்துவிட்டது, அவரும் என் பக்கம் வந்துவிட்டார் என்று.

இன்ஜினில்தான் நான் சறுக்கினேன்.

வண்டியைப் பூட்டிக் கொடுத்தது தண்டையார்பேட்டையில் ஷெட் வைத்திருக்கிற ஒரு பாய். நாற்பது வருஷமாக டீசல் வண்டிகளோடு கிடக்கிறவர். புதுப்பேட்டையில் ஒரு இன்ஜின் பார்த்து வைத்திருந்தார். சுமாரான இன்ஜின், புகை கொஞ்சம் தள்ளும், ஆனால் தரையில் ஓடிய இன்ஜின். அதே நேரம் காசிமேட்டில் ஒரு படகை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் இருந்ததும் இதே வகை இன்ஜின்தான். ஒரு காலத்தில் வண்டியிலிருந்து படகுக்குப் போனது, பில்லும் இருந்தது. எனக்கு அது போதும்.

நான் படகுக்கார வீட்டில் பிறந்தவள். எங்கள் பக்கம் பெண்கள் கரையில் நின்று, படகு கண்ணுக்குத் தெரியும் முன்பே, சத்தத்தை வைத்து இன்னார் படகு என்று சொல்லிவிடுவார்கள். எந்த இன்ஜினுக்கு நாசில் போயிற்று, எதற்கு வால்வு தட்டுகிறது, எல்லாம் காதுதான். அந்தப் படகு இன்ஜினை ஓட்டிக் காட்டச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டேன். ஒரு பிசிறு இல்லை. பாயிடம் போய், இதுதான் என்றேன்.

"வேணாம் தங்கச்சி" என்றார். "அது கடல் தண்ணி குட்ச்ச இன்ஜின்."

"சத்தம் கேட்டேன் பாய். தங்கமா கீது."

"சத்தம் நல்லாத்தான் கீது. நான் சொல்றது இன்னொண்ணு."

நான் அந்த இன்னொன்றைக் கேட்கவில்லை. மீன் குஞ்சுக்கு நீச்சல் சொல்லித் தருகிறாரே மனுஷன் என்று நினைத்தேன். இன்ஜினைப் பற்றி ஒரு ஆம்பிளை எனக்குப் பாடம் எடுப்பதா என்றும் நினைத்தேன், அதையும் மறைப்பானேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, இன்ஜின் மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸில் நான் அனுமதி வாங்கியதும், அதைப் பூட்டிக் கொடுத்தார்.

எஃப்.சி. தேதிக்குப் பதினெட்டு நாள் இருந்தது. முதல் ஓட்டமாகத் திருவொற்றியூர் வரை போய் வரலாம் என்று நானே எடுத்தேன். நீலக் கதவும் மஞ்சள் கதவும் டக டகவென்று ஆட, பஸ் சீட்டில் உட்கார்ந்து எண்ணூர் ரோட்டில் போனபோது என்னைவிடச் சந்தோஷமான பொம்பளை வடசென்னையில் இருந்திருக்க மாட்டாள். தேரடி தாண்டவில்லை. பானட்டுக்கு அடியிலிருந்து ஆவி வந்தது. அப்புறம் பழுப்புத் தண்ணீர் பீய்ச்சி அடித்துக் கண்ணாடியை மறைத்தது. நடுரோட்டில் நின்றேன். பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. அந்த வரிசையில் ஒரு லோடு ஆட்டோவும் இருந்தது. சங்கத்து ஆள். இறங்கி வந்து தள்ளிவிட்டார், அது வரை நல்லது. தள்ளிவிட்டு, "எக்கா, இட்லி வெந்துச்சா?" என்றார். மறுநாள் காசிமேடு முழுக்க அதுதான் பேச்சு.

அந்த இன்னொன்று என்ன என்று அதற்கப்புறம் பாய் சொன்னார். படகில் ரேடியேட்டர் கிடையாது. ஒரு குழாய் கடல் தண்ணீரை இழுத்து இன்ஜினுக்குள் விடும், சுற்றி வந்து மறுபக்கம் கடலிலேயே கொட்டும். எவ்வளவு சூடானாலும் பச்சைத் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். அதனால் உள்ளே இருக்கிற தண்ணீர்ப் பாதை உப்பும் துருவும் ஏறிப் பாதி அடைத்துக்கொண்டாலும் வெளியே தெரியாது. சத்தத்திலும் தெரியாது. தரைக்கு வந்து, ஒரே தண்ணீரைத் திருப்பித் திருப்பிச் சுற்ற விட்டால் கொதித்துவிடும். கரையில் நின்று காதால் படகை அடையாளம் கண்ட எங்கள் பெண்கள் யாருக்கும் இது தேவைப்படவில்லை. கடல் எப்போதும் கூட இருந்ததே.

தப்பு என்னுடையது. அதைப் பாயிடம் சொன்னேன். வாயில் வருவதற்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

வேறு இன்ஜின் வாங்க வழியில்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் எடைக்குப் போடச் சொன்னார்கள். வீட்டுக்காரர் சொல்லவில்லை, ஆனால் பழைய இரும்புக்காரர் ஒருவர் வந்து விசாரித்தபோது விரட்டவும் இல்லை. நான் விரட்டினேன். என் வண்டியைக் கிலோ கணக்கில் பேசுகிற ஆள் என் வாசலில் நிற்க வேண்டாம் என்று சொன்னேன். பிறகு பாயின் ஷெட்டுக்குப் போய், இன்ஜினைத் திறந்து கொடுங்கள், துருவை நானே எடுக்கிறேன் என்றேன்.

"கக்கூஸ் ஆசிட் ஊத்திடாத. இரும்பையே துன்னுடும்" என்றார். "அப்பால இன்னாத்துல எடுப்ப?"

பித்தளைக் குண்டானை எதில் தேய்க்கிறோமோ அதில்தான். மூன்று கிலோ பழைய புளி வாங்கிக் கரைத்து, வடிகட்டிச் சூடு பண்ணி, தண்ணீர்ப் பாதை முழுக்க நிரப்பி அடைத்து வைத்தேன்.

பாய் குனிந்து மோந்து பார்த்தார். "மொளகாத்தூள் போட்டியா? மீனு எப்ப போடுவ?" சொன்னதைக் கேட்கவில்லை என்று என்மேல் கோபமாக இருந்த மனிதர் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

இரண்டு நாளுக்கு ஒரு தடவை திறந்துவிட்டேன். முதல் தடவை வந்தது செங்கல் கரைத்த மாதிரி இருந்தது. கம்பியை வளைத்து உள்ளே விட்டுச் சுரண்டினால் கட்டி கட்டியாக விழுந்தது, அதில் ஒரு சிப்பித் துண்டுகூட இருந்தது. கடையை மதியம் அடைத்துவிட்டு வந்து மாலை வரை அதுதான் வேலை. நகக்கண்ணெல்லாம் கறுத்துவிட்டது. மீன் வாங்க வந்தவர்கள் என் கையைப் பார்த்து முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று விட்டேன். ஆறாவது தடவை புளித்தண்ணீர் ஊற்றின நிறத்திலேயே திரும்பி வந்தது. பக்கவாட்டில் ஊசி முனை அளவு ஒரு ஓட்டை இருந்தது, வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு வந்து பித்தளை வைத்து அடைத்தார். பாய் கேஸ்கட் மாற்றிப் பூட்டினார். யாரும் அவரைக் கேட்கவில்லை. ரேடியேட்டரையும் ஒரு சைஸ் பெரியதாக அவரே தேடிக்கொண்டு வந்திருந்தார்.

எஃப்.சி.க்கு நானே ஓட்டிப் போனேன். வரிசையில் வண்டி ஒன்றரை மணி நேரம் உச்சி வெயிலில் நின்றது. இன்ஸ்பெக்டர் வந்து பானட்டைத் திறந்து ரொம்ப நேரம் பார்த்தார். ஓட்டச் சொன்னார், பிரேக் போடச் சொன்னார், மறுபடி ஓட்டச் சொன்னார். நான் சூடு காட்டும் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன், முள் நடுவிலேயே நின்றது. "கதவு ரெண்டும் ஒரே கலர் அடிங்க. பின்னாடி ரிஃப்ளெக்டர் ஒட்டிட்டு வாங்க, சாயங்காலத்துக்குள்ள போட்டுத் தர்றேன்" என்றார். மஞ்சளை நீலமாக அடித்த பெயின்ட் காய்வதற்குள் போய் நின்றேன். போட்டுத் தந்தார்.

மறுநாள் காசிமேட்டில் என் நாலு பெட்டியை நானே ஏற்றினேன். தலைவர் வண்டியைச் சுற்றி வந்து டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"எத்தினி நாளு ஓடும்னு பாக்கலாம் எக்கா" என்றார்.

"நின்னு பாரு" என்று சொல்லிவிட்டு எடுத்தேன். அவருடைய முதல் வண்டிக்கு அப்போதுதான் பெட்டி ஏறிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்குக் கடையைத் திறந்துவிட்டேன். முதலில் வந்தது, ஏசி கடைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு டீச்சரம்மா. ஏழெட்டு மாதமாக என் கடையைத் தாண்டித்தான் போவார். அன்று நின்று, பழைய வழக்கம்போல் சங்கரா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். ரத்தச் சிவப்பு. இன்னொன்றைத் தூக்கினார். அதுவும் அப்படியே.

"இன்னிக்கு சீக்கிரம் வந்துட்டீங்களே" என்றார்.

"இன்னிக்கு மட்டும் இல்லீங்க. இனிமே" என்றேன்.

சொல்லி முடித்ததும் வாசலை எட்டிப் பார்த்தேன். வெளியே நிற்பது, எட்டு இடத்தில் பொறுக்கிச் சேர்த்த வண்டி. ஆனாலும் சொன்ன வார்த்தையை நான் திரும்ப வாங்கவில்லை. அவர் ஒரு கிலோ கேட்டார், நிறுத்துப் போட்டேன்.